சுங்கை பூலோவுக்குச் சின்னப் பிள்ளைகளோடு: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிங்கப்பூரின் வடமேற்கு மூலையில், ஜொகூர் நீரிணையை ஒட்டி இருக்கிறது சுங்கை பூலோ சதுப்புநில வனப்பகுதி. அடுக்குமாடி வீட்டில் வளரும் பிள்ளை கடற்சேறு, நண்டு, உடும்பு, அதிர்ஷ்டம் இருந்தால் முதலை என்று எல்லாவற்றையும் ஒரே காலையில் பார்த்துவிட முடிகிற இடம். பாலர் பள்ளி வயதுப் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போக நினைக்கும் நண்பர்களும் உறவினர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு என் பதில்கள் இவை. அவசரமாக வாசிப்பவர்கள் நேரத்தைப் பற்றிய மூன்றாவது கேள்வியை மட்டுமாவது வாசித்துவிட்டுக் கிளம்புங்கள்.

இது மிருகக்காட்சிசாலை மாதிரியா?

இல்லை. கூண்டு கிடையாது, காட்சி நேரம் கிடையாது, பெயர்ப்பலகைக்குப் பின்னால் கட்டாயம் ஒரு விலங்கு நிற்கும் என்ற உத்தரவாதமும் கிடையாது. விலங்குகள் அவை பாட்டுக்கு இருக்கும். நாம் மரப்பலகைப் பாதையில் நடந்து, கண்ணில் பட்டதைப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். நுழைவுக் கட்டணம் இல்லை. காலை 7 மணி முதல் மாலை 7 மணி வரை திறந்திருக்கும். தேசியப் பூங்காக் கழகம் பராமரிக்கிறது.

ஒரு காலத்தில் இங்கே இருந்தவை இறால் பண்ணைக் குளங்கள். 1986இல் பறவை பார்ப்பவர்கள் சிலர் இந்தக் குளங்களில் வலசைப் பறவைகள் கூட்டம் கூட்டமாக இறங்குவதைக் கவனித்து, இடத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று அரசிடம் கோரினார்கள். 1989இல் இயற்கைப் பூங்காவாக ஒதுக்கினார்கள். 1993 டிசம்பர் 6 அன்று அப்போதைய பிரதமர் கோ சோக் தோங் திறந்துவைத்தார். 2002இல் சட்டப் பாதுகாப்புள்ள வனப்பகுதியானது. 2003இல் ஆசியான் மரபுடைமைப் பூங்கா என்ற பெயரும் கிடைத்தது. இப்போது பரப்பளவு 202 ஹெக்டேர். இதெல்லாம் உங்கள் நான்கு வயதுப் பிள்ளைக்கு வேண்டாம். ஆனால் பழைய இறால் குளங்கள் என்பதை மட்டும் நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் அது வேலைக்கு ஆகும்.

எந்த வயதிலிருந்து கூட்டிப்போகலாம்?

கைக்குழந்தையைத் தூளியில் கட்டிக்கொண்டு வருபவர்களும் உண்டு. அது பெற்றோருக்கான உலா, குழந்தை தூங்கிவிடும். ஒன்றரை வயது முதல் இரண்டரை வரைதான் சிரமமான கட்டம்: நடக்கவும் வேண்டும், கையைப் பிடிக்கவும் விடாது, தடுப்புக் கம்பி இடுக்கில் தலையை நுழைத்துப் பார்க்கும். அந்த வயதுப் பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வயதுக்கு மேல் நன்றாகவே ரசிப்பார்கள். ஐந்து, ஆறு வயதில் நம்மைவிட அவர்கள் கண் கூர்மை. சேற்று நிறத்தில் சேற்றுக்குள் கிடக்கும் நண்டை முதலில் பார்ப்பது அவர்கள்தான்.

எத்தனை மணிக்குப் போனால் நல்லது?

எல்லோரும் இப்படித்தான் கேட்கிறார்கள். வெயிலுக்கு முன், காலை ஏழரைக்கு, என்று சொல்லிவிடலாம். அது பாதி பதில்தான். இங்கே கடிகாரத்தைவிட முக்கியமானது கடல்.

நீரிணையில் தண்ணீர் ஒரு நாளில் இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய ஆறு மணி நேரம். வற்றத்தின்போது மரங்களின் அடியில் சேறு வெளியே தெரியும். நண்டுகள் வளையை விட்டு வரும், மட்ஸ்கிப்பர் மீன்கள் சேற்றில் துள்ளும், வேர்கள் முழுதாகத் தெரியும். ஏற்றத்தின்போது அதே இடத்தில் காப்பி நிறத் தண்ணீரும் மரத்தின் மேல்பாதியும்தான் இருக்கும். பலகைப் பாதையில் சாய்ந்து பார்க்கும் பிள்ளைக்கு அது வெறும் தண்ணீர். “அம்மா, இங்க ஒண்ணுமே இல்ல” என்று ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடும். சொல்வதில் தப்பும் இல்லை.

பறவைகளுக்குக் கணக்கு நேர்மாறு. வற்றத்தின்போது வலசைப் பறவைகள் சுற்றுவட்டாரச் சேற்றுத் திட்டுகளில் இரை தேடிப் பரவிக்கிடக்கும். தண்ணீர் ஏறி அந்தத் திட்டுகள் மூழ்கியதும், அவை தங்க இடம் தேடி நம் பழைய இறால் குளங்களுக்கு வரும். குளங்களுக்கு மதகு உண்டு. வெளியே கடல் ஏறியிருக்கும்போதும் உள்ளே நீர்மட்டத்தைக் குறைத்துப் பறவைகளுக்குச் சேற்றைத் திறந்து வைக்க முடியும். இறால் வளர்க்கக் கட்டிய மதகு இப்போது பறவைக்காகத் திறந்து மூடுகிறது.

ஆகவே ஆறு வயதுக்குக் கீழே என்றால் வற்றத்துக்குப் போங்கள். பறவையில் ஆசையுள்ள, கொஞ்சம் பொறுமையாக நிற்கத் தெரிந்த பிள்ளை என்றால் ஏற்றத்துக்குப் போங்கள். சிங்கப்பூருக்கான அலை நேர அட்டவணை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. காலை எட்டிலிருந்து பத்துக்குள் வற்றம் வரும் நாளாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். வற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய்ச் சேர்ந்தால் பிள்ளையின் நடைக்குச் சரியாக இருக்கும்.

சனி, ஞாயிறு மட்டுமே முடியும் என்பவர்களுக்கு ஒரு குறுக்குவழி. வற்றம் ஒவ்வொரு நாளும் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். ஒரு வாரத்தில் அது ஏறக்குறைய ஆறு மணி நேரமாகிவிடும். அதாவது இந்தச் சனி காலை ஏற்றம் என்றால் அடுத்த சனி காலை அநேகமாக வற்றம். இந்த வாரம் சரிப்படவில்லை என்றால் அடுத்த வாரம் சரிப்படும்.

எந்த மாதம்?

சேறு பார்க்க எந்த மாதமும் சரி. வலசைப் பறவைகள் செப்டம்பர் முதல் மார்ச் வரை. சைபீரியா போன்ற வடக்குப் பகுதிகளில் குஞ்சு பொரித்துவிட்டு, கிழக்காசிய-ஆஸ்திரேலிய வலசைப் பாதை வழியாகத் தெற்கே வரும் பறவைகள் இவை. சில இங்கேயே தங்கும், சில இளைப்பாறிவிட்டு ஆஸ்திரேலியா வரை போகும்.

ஜூன் பள்ளி விடுமுறையில் போய்விட்டு “பறவையே இல்லையே” என்று குறைப்படுபவர்கள் அதிகம். அப்போது அவை வடக்கே கூட்டில் இருக்கும். ஆண்டிறுதி விடுமுறைதான் பொருத்தம். என்ன, வடகிழக்குப் பருவமழையும் அதே நேரத்தில் வந்து சேரும். நாரை, கொக்கு, மீன்கொத்தி, கடற்கழுகு ஆகியவற்றை ஆண்டு முழுக்கப் பார்க்கலாம்.

இரண்டு வாசல் இருக்கிறதாமே, எது?

சின்னப் பிள்ளை என்றால் கிராஞ்சி வே வாசல். 2014 டிசம்பரில் திறந்த விரிவாக்கப் பகுதி இது. வருகையாளர் நிலையம், சிறிய காட்சிக்கூடம், கழிவறை எல்லாம் இங்கே இருக்கின்றன. மிக முக்கியமாக, வாசலிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே சதுப்புநிலக் காட்டுக்குள் போகும் பலகைப் பாதை இருக்கிறது. பிள்ளை களைத்துப்போவதற்கு முன்பே சேற்றைப் பார்த்துவிடும்.

நியோ தியூ கிரசென்ட் பக்கத்து வாசல் பழைய பகுதி. வலசைப் பறவைக் குளங்களும் சுமார் 2 கிலோமீட்டர் பறவைப் பாதையும் அந்தப் பக்கம். இரண்டையும் இணைக்கும் கடலோரப் பாதை 1.3 கிலோமீட்டர். மொத்தமும் சுற்றி, வந்த வாசலுக்கே திரும்பினால் நாலரை கிலோமீட்டருக்கு மேல் ஆகிவிடும். அதில் கடைசி ஒன்றரை கிலோமீட்டருக்குப் பிள்ளை உங்கள் தோளில்தான் இருக்கும். அதனால் கிராஞ்சி வே வாசலில் நுழைந்து, பலகைப் பாதையைச் சுற்றி, கடலோரப் பாதையில் முடிந்தவரை போய்த் திரும்புங்கள். அந்தப் பாதையில் நீரிணையைப் பார்த்தபடி நிற்க மேடைகள் இருக்கின்றன. எதிர்க்கரையில் ஜொகூர் பாருவின் கட்டடங்கள் தெரியும். “அது வேற நாடு” என்றால் பிள்ளைகள் நம்பவே மாட்டார்கள்.

எப்படிப் போவது?

கிராஞ்சி எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து 925ஆம் எண் பேருந்து. கிராஞ்சி நீர்த்தேக்கக் கார் நிறுத்துமிடத்தருகே இறங்கினால் கிராஞ்சி வே வாசல் பக்கம்தான். காரில் வருபவர்களுக்கு நிறுத்த இடம் உண்டு, விடுமுறைக் காலையில் சீக்கிரம் நிரம்பிவிடும். டாக்சியில் போவது சுலபம், திரும்புவதற்குத்தான் காத்திருக்க வேண்டிவரும். பிள்ளை பசியில் அழ ஆரம்பிப்பதற்கு முன்பே பதிவு செய்துவிடுங்கள்.

தள்ளுவண்டி கொண்டுபோகலாமா?

வருகையாளர் நிலையத்தைச் சுற்றியும் பலகைப் பாதையிலும் ஓட்டலாம். சரளைக்கல்லும் மண்ணுமாக இருக்கிற இடங்களில் சின்னச் சக்கரம் திணறும். இரட்டைத் தள்ளுவண்டியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். சைக்கிளுக்கும் பிள்ளைகள் ஓட்டும் ஸ்கூட்டருக்கும் இது இடமில்லை. வளர்ப்புப் பிராணிகளையும் கொண்டுவரக் கூடாது.

முதலை உண்மையிலேயே இருக்கிறதா? பயமாக இருக்கிறதே.

இருக்கிறது. உவர்நீர் முதலை. ஆண் முதலை ஐந்து மீட்டருக்கு மேலும் வளரக்கூடிய இனம். இங்கே கண்ணில் படுபவை பெரும்பாலும் அதைவிடச் சிறியவை. வாலின் பெரும்பகுதியை இழந்த முதலை ஒன்று இங்கே பல ஆண்டுகள் பேர்போனதாக இருந்தது. நீரிணையில் இவை தாராளமாக நீந்தும், எல்லைச் சாவடி அவற்றுக்குக் கிடையாது.

பார்க்க நல்ல இடம் பழைய பகுதியில் உள்ள பெரிய பாலம். ஆற்றுக்கு மேலே, கைப்பிடிக் கம்பிக்குப் பின்னால், பத்திரமாக நின்று பார்க்கலாம். தண்ணீரில் மரக்கட்டை ஒன்று மிதக்கும். கொஞ்ச நேரம் பார்த்தால் அந்தக் கட்டை நீரோட்டத்துக்கு எதிராகப் போகும். அதுதான். கண்ணும் மூக்கு நுனியும் மட்டுமே வெளியே தெரியும் என்பதால், கட்டையில் இரண்டு மேடு இருக்கிறதா என்று தேடச் சொல்லிக்கொடுங்கள்.

பயத்தைப் பற்றி: பாதையை விட்டு இறங்காதீர்கள், நீர்விளிம்புக்குப் போகாதீர்கள், கம்பியின் மேல் பிள்ளையை ஏற்றி உட்கார வைக்காதீர்கள். படம் எடுப்பதற்காக இந்த மூன்றாவதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பாதையிலோ கரையிலோ முதலை கிடந்தால், அமைதியாகப் பின்வாங்கி, வந்த வழியே திரும்புங்கள், அங்கே பணியில் இருப்பவர்களிடம் சொல்லுங்கள். கல்லெறிவது, “எழுந்திரு எழுந்திரு” என்று கத்துவது எல்லாம் வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று. வீட்டிலிருந்து கிளம்பும்போது “முதலை பாக்கப் போறோம்” என்று சொல்லாதீர்கள். முதலை வராத நாளில் அந்தப் பிள்ளைக்கு மற்ற எல்லாமே ஏமாற்றம்தான். “சேறு பாக்கப் போறோம்” என்று சொல்லுங்கள். வற்றத்துக்குப் போனால் சேறு கட்டாயம் இருக்கும்.

அப்படி அந்தச் சேற்றில் என்னதான் இருக்கிறது?

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

பலகைப் பாதையில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, பிள்ளையோடு குந்தி உட்காருங்கள். ஆள் நடமாட்ட அதிர்வு அடங்க ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். முதலில் வெறும் சேறு, அதில் விரல் நுழையும் அளவு ஓட்டைகள். பிறகு ஓர் ஓட்டையின் விளிம்பில் ஒரு ஆரஞ்சு நிறப் பொருள் எட்டிப் பார்க்கும். அது பிடில் நண்டின் கொடுக்கு. ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவு பெரிது, இன்னொன்று குட்டி. பெரிய கொடுக்கை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்கும்: பெண் நண்டைக் கூப்பிடவும், பக்கத்து வளைக்காரனை மிரட்டவும். சின்னக் கொடுக்கால் சேற்றை அள்ளி அள்ளி வாயில் வைத்து, அதிலுள்ள உணவை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை உருண்டையாக்கி வெளியே போடும். வளையைச் சுற்றி மிளகளவில் கிடக்கும் உருண்டைகள் அவைதான். பெண் நண்டுக்கு இரண்டு கொடுக்கும் சின்னது. அதனால் இரண்டு கையாலும் சாப்பிடும். இதைச் சொன்னால் எந்தப் பிள்ளையும் தன் இரண்டு கையையும் வாய்க்குக் கொண்டுபோய் நடித்துக் காட்டும்.

அடுத்து மட்ஸ்கிப்பர். மீன்தான், ஆனால் தண்ணீர் வற்றியதும் வெளியே உட்கார்ந்திருக்கும். தோலும் வாயின் உட்பகுதியும் ஈரமாக இருக்கும்வரை காற்றிலேயே மூச்சுவிடும். அதற்காகத்தான் அவ்வப்போது சேற்றில் ஒருக்களித்துப் புரளும். முன்துடுப்புகளை ஊன்றி ஊன்றி நகரும். கண்கள் தலைக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கும். அவற்றை ஒரு நொடி குழிக்குள் இழுத்து ஈரப்படுத்திக்கொண்டு மறுபடி வெளியே தள்ளும். “கண்ணடிக்குது, கண்ணடிக்குது” என்று கத்துவார்கள். பெரிய இனம் ஒன்று ஓர் அடி நீளம் வரை வளரும், வளையைச் சுற்றிச் சேற்றால் வரப்பு கட்டித் தனக்கென ஒரு குட்டிக் குளம் வைத்துக்கொள்ளும்.

அப்புறம் வேர்கள். சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக நீட்டிக்கொண்டிருப்பவை மூச்சு வேர்கள். சேற்றுக்குள் காற்று கிடையாது என்பதால் மரம் வேரை மேலே அனுப்பி மூச்சுவிடுகிறது. அடிமரத்திலிருந்து வளைந்து வளைந்து இறங்கி ஊன்றி நிற்பவை வேறு மரத்துடையவை. பிச்சாவரத்தில் படகில் போனவர்களுக்கு இந்த மரம் தெரியும், அங்கே சுரபுன்னை என்பார்கள். அதன் விதை மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய் போல நீளமாகத் தொங்கி, பிறகுதான் விழும்.

சேற்று மேடு, சில இடங்களில் பிள்ளையின் இடுப்பு உயரத்துக்குக் கூட, எரிமலை வடிவில் நிற்கும். அதைக் கட்டுவது சேற்று இறால் என்னும் ஓர் உயிரினம். அது வெளியே வருவதைப் பார்ப்பது அரிது. யாருடைய வீடு என்று கேட்டு ஊகிக்கவிட்டால் கால்மணி நேரம் ஓடிவிடும்.

பாலத்திலிருந்து கீழே தெளிந்த தண்ணீர் தெரிந்தால் ஆர்ச்சர் மீனைத் தேடுங்கள். மேலே இலையில் இருக்கும் பூச்சியைப் பார்த்து வாயிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சி வீழ்த்தித் தின்னும்.

பறவைகளைப் பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டுவது?

ஐந்து வயதுக்குக் கீழே தொலைநோக்கி பயனில்லை. கண்ணில் சரியாக வைக்கத் தெரியாமல் எரிச்சல்தான் மிஞ்சும். பெரிய பறவைகளில் தொடங்குங்கள்: சாம்பல் நாரை, பெரிய கொக்கு. அசையாமல் நிற்கும் நாரையைப் போல யார் அதிக நேரம் நிற்கிறார்கள் என்று போட்டி வைக்கலாம், உங்களுக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்.

குளத்தோரக் கூட்டத்தில் எல்லாமே பழுப்பாக ஒன்றுபோலத் தெரியும். காலையும் அலகையும் மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். சிவப்புக் கால் என்றால் பவளக்காலி. பச்சைக் கால் என்றால் பச்சைக்காலி. அலகு கீழ்நோக்கி வளைந்திருந்தால் கோட்டான் வகை (ஆந்தை இல்லை, இது கரையோரப் பறவை). பிள்ளைக்கு இந்த மூன்று போதும். பவளக்காலி நம் கோடியக்கரைக்கும் குளிர்காலத்தில் வருகிற பறவைதான். ஊரிலிருந்து தாத்தா பாட்டி வந்திருந்தால் அவர்களே பேச்சைத் தொடங்கிவிடுவார்கள்.

குளக்கரையில் மறைந்து நின்று பார்ப்பதற்கென்று குடில்கள் இருக்கின்றன. நடுவே இடைவெளி விட்ட மரச்சுவர், உள்ளே நிழல், பெஞ்சு. பிள்ளைகளுக்கு ஒளிந்து விளையாடுகிற உணர்வு வந்துவிடும், குரலும் தானாகத் தாழும். தாழாவிட்டால் வெளியே கூட்டிவந்துவிடுங்கள். பெரிய லென்ஸோடு காலையிலிருந்து காத்திருக்கும் பெரியவர்களுக்கு அது நாம் செய்யும் மரியாதை.

உடும்பு பக்கத்தில் வந்தால்?

வரும். பாதையின் குறுக்கே படுத்திருக்கும். நீர் உடும்பு இரண்டு மீட்டருக்கு மேலும் வளரும். முதல்முறை பார்ப்பவர்கள் குட்டி முதலை என்றே நினைப்பார்கள். இலங்கைக்காரர்கள் கபரக்கொய்யன் என்று உடனே சொல்லிவிடுவார்கள். துரத்தாமல், வழிமறிக்காமல் நான்கைந்து மீட்டர் தள்ளி நில்லுங்கள். நாக்கை நீட்டி நீட்டிக் காற்றை முகர்ந்துவிட்டு அது பாட்டுக்குப் போய்விடும். வாலை வீசினால் அடி பலமாக விழும் என்பதால் பின்பக்கமாகப் போகவேண்டாம்.

நீர்நாய்க் குடும்பமும் சிலசமயம் தென்படும். சிங்கப்பூரில் காணாமல் போயிருந்த நீர்நாய்கள் 1990களின் கடைசியில் மறுபடி குடியேறிய இடங்களில் இது முக்கியமானது. குட்டிகள் கூட இருந்தால் கிட்டே போகாதீர்கள்.

சாப்பாடு?

பசி தாங்காத பிள்ளை என்றால் கிளம்பும் முன்பே நன்றாகச் சாப்பிடக் கொடுத்துவிடுங்கள். தண்ணீர் நிறைய, பிஸ்கட் கொஞ்சம், எல்லாம் ஜிப் போட்ட பைக்குள். நெகிழிப் பையைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு நடக்காதீர்கள். இங்கே நீண்டவால் குரங்குகள் உண்டு, அவற்றுக்கு நெகிழிப் பை என்றால் சாப்பாடு என்று அர்த்தம். குரங்கு அருகே வந்தால் பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள், கண்ணோடு கண் பார்க்காதீர்கள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிதானமாக நகருங்கள்.

“பாவம், ஒரு வாழைப்பழம் போடலாமே” என்று பாட்டி சொல்வார். நம் ஊர்ப் பழக்கம் அது, கோயில் குரங்குக்குப் போட்ட கை சும்மா இருக்காது. இங்கே வனவிலங்குக்கு உணவு போடுவது குற்றம். முதல் முறைக்கே 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் விதிக்கலாம், மறுபடி செய்தால் 10,000 வெள்ளி வரை. பாட்டியிடம் காரணத்தை விளக்குவதைவிடத் தொகையைச் சொல்வது விரைவாக வேலை செய்கிறது.

கொசு, எறும்பு, பாம்பு?

கொசு உண்டு. முழுக்கைச் சட்டை, நீளக் கால்சட்டை, வயதுக்கேற்ற கொசுத்தைலம். நிற்கும்போதுதான் அதிகம் கடிக்கும்.

எறும்பைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. சிவப்பு முசுறு எறும்புகள் இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும். கைப்பிடிக் கம்பிதான் அவற்றுக்கு நெடுஞ்சாலை. பிள்ளை கம்பியைப் பிடித்துக்கொண்டே நடக்கும் என்பதால், பிடிப்பதற்கு முன் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

பாம்பும் உண்டு. சதுப்புநில விரியன் விஷமுள்ளது. பகலில் கிளையில் அசையாமல் சுருண்டு கிடக்கும். மரக்கிளையை, வேலியோரச் செடியை இழுக்கக் கூடாது என்ற ஒரே விதியைக் கறாராக வைத்திருந்தால் போதும்.

இலை, பூ, சங்கு எடுத்துவரலாமா?

கூடாது. வனப்பகுதியிலிருந்து எதையும் எடுப்பது சட்டப்படி தவறு. காலிச் சங்கு என்று நாம் நினைப்பதில் துறவி நண்டு குடியிருக்கலாம்.

இலையைக் கிள்ள வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இங்குள்ள மரங்களில் ஒன்று தில்லை, சிதம்பரத்தின் அதே தில்லை. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, தோலிலும் கொப்புளம் போடும். பூவரசும் இங்கே இருக்கிறது. இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதிய தலைமுறைக்குக் கை பரபரக்கும்தான். அதை வீட்டுக்கு வந்து, கீழே பூங்காவில் விழுந்து கிடக்கும் இலையில் ஊதிக் காட்டுங்கள்.

மழை வந்தால்?

கடலோரமும் திறந்த குளமும் என்பதால் இடியோடு கூடிய மழையில் பாதையில் நிற்கக் கூடாது. வானம் கறுத்ததும் வருகையாளர் நிலையத்துக்குத் திரும்பிவிடுங்கள். தூரத்தில் இருந்தால் அருகிலுள்ள கூரைக்கு அடியில் ஒதுங்குங்கள். ஈரப் பலகை வழுக்கும். பிள்ளைக்குச் செருப்பு வேண்டாம், பிடிமானமுள்ள மூடிய காலணி போட்டுவிடுங்கள். இடி இல்லாத தூறல் என்றால் மழைக்கோட்டோடு நடக்கலாம், கூட்டமும் இருக்காது. மாற்றுத்துணி ஒரு செட் எப்படியும் வேண்டும்.

சக்கர நாற்காலியில் வரும் பாட்டியையும் கூட்டிவரலாமா?

வருகையாளர் நிலையமும் அதை ஒட்டிய பகுதியும் அவருக்கு வசதி. ஒருவர் அவரோடு நிழலில் இருக்க, மற்றவர் பிள்ளையோடு பலகைப் பாதையைச் சுற்றிவரலாம்.

நாங்கள் கிழக்கே இருக்கிறோம். அவ்வளவு தூரம் வர வேண்டுமா?

வேண்டியதில்லை. பாசிர் ரிஸ் பூங்காவிலும் சதுப்புநிலக் காடும் அதற்குள் பலகைப் பாதையும் உண்டு. மட்ஸ்கிப்பர், நண்டு, மூச்சு வேர் எல்லாம் அங்கேயும் பார்க்கலாம். பக்கத்திலேயே விளையாட்டுத் திடலும் கடற்கரையும் இருக்கின்றன. மூன்று வயதுக்குக் கீழே என்றால் முதலில் அங்கே போய்ப் பழக்கிவிட்டு, பிறகு சுங்கை பூலோவுக்கு வருவதே என் சிபாரிசு. வற்ற நேரக் கணக்கு அங்கேயும் அதேதான்.

சுங்கை பூலோ பிடித்துப்போய் மறுபடி அந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு, அருகிலேயே 2016இல் திறந்த கிராஞ்சி சதுப்புநிலம் இருக்கிறது. அது நன்னீர்ப் பகுதி. ஏற்றவற்றம் கிடையாது, மட்ஸ்கிப்பரும் கிடையாது. தாமரையும் புல்லும் நீர்க்கோழிகளுமாக வேறு முகம். காலை ஏழரைக்கே போய்விடுங்கள், அங்கே நிழல் குறைவு.